தருமபுரி மாவட்டப் பல் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

பல்லைப் பிடுங்கும் முன், அதைத் தாங்கி நிற்கும் எலும்பு என்னவாகும் என்பதையும் நோயாளியிடம் சொல்லுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். "புண் ஆறட்டும், பிறகு பல் கட்டிக்கொள்ளலாம்" என்பதோடு பேச்சு முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகை இறக்கி அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கப் போனபோது, ஸ்கேனில் அந்த இடத்து எலும்பு கத்தி முனைபோல் மெலிந்திருந்தது. டைட்டானியம் திருகை இறக்க இடமில்லை. முதலில் எலும்பு வளர்க்க வேண்டும் என்றார்கள்.

பல் போனால் தாடை எலும்புக்கு வேலையில்லை. உடல் அதைக் கரைத்துவிடுகிறது. ஓராண்டுக்குள் அகலம் பாதிவரை குறையலாம். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். பிடுங்கிய அன்றே குழியில் எலும்புத் துகளை நிரப்பிச் சவ்வால் மூடினால், தேய்மானம் அடியோடு நிற்காவிட்டாலும் வெகுவாகக் குறையும். எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்று பார்த்தவுடன் உங்களுக்குத் தெரியும். விட்டுவிட்டால், பின்னாளில் ஈறைத் திறந்து எலும்பு சேர்த்து, அது உறுதிப்பட 4 முதல் 6 மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கறைப் பல்லோடு வாழ்ந்து பழகியதால் பல் போவதையும் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். போதாக்குறைக்குக் கேழ்வரகுக் களியை மெல்லாமலே விழுங்கிவிடலாம். கடைவாய்ப் பல் இல்லாத குறை அன்றாடச் சாப்பாட்டில் உறைக்காது. ஆனால் எலும்பு பெரும்பாலும் கரைவது பல் எடுத்த அந்த முதல் மாதங்களில்தான். நோயாளி தாமாக வந்து கேட்கமாட்டார்.

நிரப்பும் துகள் எதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். சொந்த எலும்பு, இன்னொருவர் கொடையாகத் தந்த எலும்பு, பதப்படுத்திய மாட்டெலும்பு, செயற்கைப் பொருள் எனப் பல வகை உண்டு. அம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. செலவு எவ்வளவு என்பதையும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ பீடியை விடாவிட்டாலோ எலும்பு சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

வாய் மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பவரால் எதையும் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே ஊசி போடுவதற்கு முன்பே பேசுங்கள். மருந்துச் சீட்டின் பின்புறம் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், வீட்டில் பிள்ளைகளும் படித்துத் தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்