உயர்தரப் பாடப் பிரிவுத் தெரிவு: அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். இத்தவணை நல்லபடியாக நிறைவெய்துகிறது. விளையாட்டிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் எங்கள் பிள்ளைகள் சிறப்பாகப் பங்குபற்றினார்கள். நூலகக் கூரையின் திருத்த வேலையும் முடிந்துவிட்டது. உதவிய அனைவருக்கும் நன்றி.

இக்கடிதத்தை எழுதத் தூண்டியது உயர்தர வகுப்புக்கான விண்ணப்பப் படிவங்கள். கடந்த வாரம் பகுதித் தலைவருடன் இருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு படிவத்தில் பாடப் பிரிவு எழுதும் இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் 'உயிரியல்' என்று பெரியவர் ஒருவரின் எழுத்தில் எழுதியிருந்தது. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தபோது, பிள்ளையின் எழுத்தில் 'வர்த்தகம்' என்று தெரிந்தது. இப்படி நான்கு படிவங்கள்.

பிள்ளை வைத்தியராக வேண்டும் என்ற ஆசை எனக்கு விளங்குகிறது. யுத்த காலத்தில் மருந்துக்கும் வைத்தியருக்கும் நாம் பட்ட பாட்டை மறந்த குடும்பம் எது? மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது. ஆனால் 'உயிரியல் பிரிவு' என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே மூன்றில் இரண்டு பாடங்கள் இரசாயனவியலும் பௌதிகவியலும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மூன்று பாடங்களையும் சேர்த்தே கணிக்கப்படுவதால், ஒன்றில் சறுக்கினாலும் மற்ற இரண்டின் உழைப்பு கீழே இறங்கிவிடும். பௌதிகவியல் கடினம் என்று விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால், மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இதை அறியாமல் ஒரு வருடம் படித்துவிட்டு அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

வைத்தியசாலை வைத்தியர்களால் மட்டும் நடப்பதில்லை. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பு இருக்கிறது. அதன் சித்த மருத்துவப் படிப்பு கைதடியில் நடக்கிறது. கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்று, வைத்தியசாலை இயந்திரங்களை உருவாக்கவும் முடியும்.

ஒரு மாணவியிடம் என்னவாக விருப்பம் என்று கேட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "டொக்டர்" என்றாள். சற்று நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். அம்மம்மா வார்ட்டில் இருந்தபோது, படுக்கைப் புண் வராதபடி ஒரு தாதி நடுச்சாமத்தில் அவரைப் பக்கம் புரட்டி, கால்களுக்கிடையில் தலையணை வைத்ததைச் சொன்னாள். "எனக்கு அந்த வேலைதான் வேணும், சேர்" என்றாள். அந்தக் குரலில் தயக்கம் இருக்கவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையின் எழுத்தை அழித்து எழுதிய எந்தப் படிவத்தையும் நான் ஏற்கமாட்டேன். அந்த நான்கு படிவங்களையும் திருப்பி அனுப்புகிறேன். பிரிவு மாற்றத்துக்காகப் பெரியவர்களின் சிபாரிசுக் கடிதங்களுடன் அலுவலகத்துக்கு வருவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளை முன்னிலையில் அப்படிப் பேசும்போது, அவன் தலை குனிவதை நான்தான் எதிரே இருந்து பார்க்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையிலேயே பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றிச் சென்று, மழையில் வாசலில் காத்து நிற்பவர்கள் நீங்கள். உங்கள் அக்கறையில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. அடுத்த வாரம் பின்னேரங்களில் 3 மணி முதல் 5 மணி வரை நானும் விஞ்ஞான ஆசிரியர்களும் பாடசாலையில் இருப்போம். தவணைப் புள்ளி அறிக்கையுடன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். புதிய படிவம் அங்கேயே தரப்படும். பிள்ளை தன் கையால் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கையொப்பமிடுங்கள்.

உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
அதிபர்