கேத்தரின் பூத் யார் என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கை நலமாக வீடு திரும்பிவிட்டாள் என்று படித்த பிறகுதான் இங்கே எல்லோருக்கும் மூச்சு வந்தது. நாகர்கோவில் மருத்துவமனை வாசலில் பெயரைப் பார்த்துவிட்டு, 'யார் இந்தக் கேத்தரின் பூத்?' என்று கேட்டிருந்தாய். அவருடைய கணவர் வில்லியமிடம்தான் தொடங்க வேண்டும்.

வில்லியம் பூத் 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போக, 13 வயதில் அடகுக் கடை வேலைக்குப் போனார். இருப்பதையெல்லாம் அடகு வைக்க வருகிறவர்களின் முகம் அவர் மனத்தில் அங்கேதான் பதிந்திருக்க வேண்டும். பிறகு மெதடிஸ்ட் போதகரானார். ஒரே சபைக்குள் கட்டுப்பட்டிருக்க மனமில்லாமல் விலகினார். 1865இல் கிழக்கு லண்டனில் ஒரு பழைய இடுகாட்டில் கூடாரம் போட்டுப் பிரசங்கித்தார். அந்த ஊழியமே 1878இல் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற, படையைப் போல அமைந்த கிறிஸ்தவ சேவை இயக்கம் ஆயிற்று. அதன் தலைவரான வில்லியமுக்கு 'ஜெனரல்' என்று பெயர். நீ பார்த்த மருத்துவமனையும் அந்தச் சேனையுடையதுதான்.

கேத்தரின் வெறும் ஜெனரலின் மனைவி அல்லர். பெண்களும் பிரசங்கிக்கலாம் என்று 1859இலேயே வாதாடி எழுதி, மறு ஆண்டு தானே மேடையேறியவர். சேனையில் பெண்கள் ஆண்களுக்குச் சமமான பதவி பெற்றதற்கு அவர்தான் வேர். 1890இல் புற்றுநோயில் இறந்தார். அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் வில்லியம் தம் பெரிய நூலை எழுதி முடித்தார். லண்டன் தெருவில் வண்டிக் குதிரை விழுந்தால் தூக்கி நிறுத்துகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் உண்டு. அந்த அளவாவது மனிதனுக்குக் கிடைக்கட்டும் என்று அதில் கேட்கிறார். இதற்கு மறுப்புச் சொல்ல யாரால் முடியும்?

ஆனால் என்னை உலுக்கியது அவருடைய தீப்பெட்டித் தொழிற்சாலைதான். சாத்தூர்க்காரன் வேறு எதைப் பிடித்துக்கொள்வான்! அந்தக் காலத்தில் மலிவான தீக்குச்சிக்கு வெள்ளை பாஸ்பரஸ். அதன் புகை பட்டுப் பட்டுத் தொழிலாளிகளின் பல் விழும், தாடை எலும்பு அழுகும். 1891இல் பூத் கிழக்கு லண்டனிலேயே ஆலை திறந்து, தீங்கில்லாத சிவப்பு பாஸ்பரஸைப் பயன்படுத்தினார். ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, மற்ற இடங்களில் கூலி இரண்டரை பென்னிக்குள். இவர் நான்கு பென்னி கொடுத்தார். என் அம்மா பெட்டி ஒட்டிய காலத்தில் வீட்டில் குரோஸ் கணக்குப் பார்த்து வளர்ந்தவன் நான்; அந்த ஒன்றரை பென்னியின் அருமை எனக்குத் தெரியும். தீப்பெட்டியின் விலை கூடுதல் என்பதால் ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. 1901இல் கைமாறியது. ஆனால் அதே ஆண்டில் பெரிய நிறுவனமான பிரையன்ட் அண்ட் மே வெள்ளை பாஸ்பரஸைக் கைவிட்டது. 1908இல் அதைத் தடுக்கச் சட்டமும் வந்தது. அவருடைய பிரசங்கங்கள் அத்தனையையும்விட இது பெரிது என்பேன். நீ சண்டைக்கு வருவாய், வா.

ஒரு குறை உண்டு. வீட்டிலும் அவர் ஜெனரலாகவே இருந்தார். பிள்ளைகளில் பாலிங்டன், கேட், ஹெர்பர்ட் என மூவர் சேனையை விட்டுப் போனார்கள். ஊர் அனாதைகளுக்கெல்லாம் இரங்கியவர் பெற்ற பிள்ளைகளிடம் இறங்கி வரவில்லையே என்று மனம் ஆறவில்லை. 1912இல், பார்வை போன நிலையில், 83 வயதில் இறந்தார்.

தங்கையை மாடிப்படி ஏறவிடாதே. தை பிறந்ததும் பேரனுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். நாள் குறித்ததும் எழுதுகிறேன், இருவரும் வர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்