ஜில் ஜில் ரமாமணியும் உங்கள் அப்பத்தாவின் கிள்ளும்

காரைக்குடி
புதன்கிழமை இரவு

அன்புள்ள வள்ளி,

நலம். நீயும் மகன், மருமகள், பேத்தி எல்லாரும் நலம்தானே? உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாச்சு. உடனே பதில் போட முடியவில்லை. வலது கண்ணில் புரை எடுத்த பிறகு பத்து நாள் எழுதாதே, படிக்காதே என்று சொல்லிவிட்டார்கள். டிவி மட்டும் தள்ளி உட்கார்ந்து கொஞ்சம் பார்க்கலாமாம். அது என்ன கணக்கோ தெரியவில்லை. நானும் வைத்தியத்தோடு வாதாடவில்லை, பார்த்தேன்.

முதலில் ஊர்க்கதை. உங்கள் வீட்டு வேப்பமரத்தை வெட்டவில்லை, கிளையை மட்டும் கழித்தார்கள். நீ கேள்விப்பட்டது தப்பு. நம்மோடு படித்த சிவகாமி பேரன் எடுத்துவிட்டாள். போன வாரம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் போன முதல் வெளியூர் அதுதான். உன் கடிதத்துக்குப் பதிலும் அங்கேதான் கிடைத்தது.

நீ என்ன எழுதியிருந்தாய்? உன் பேத்திக்கு மனோரமா என்றால் போனில் வருகிற "கம்முனு கெட" துண்டுப் படம்தான் தெரிகிறது, உனக்கோ சின்னத்தம்பியில் அழுத அம்மாதான் ஞாபகம் வருகிறது, "நல்ல நடிகைதான், ஆனா கடைசியில எல்லாப் படத்துலயும் ஒரே ஒப்பாரி" என்று. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. உன்மேல் கோபமில்லை. பாதி உண்மை என்பதால் வந்த எரிச்சல்.

உனக்கு அந்த டூரிங் டாக்கீஸ் நினைவிருக்கிறதா? பெண்கள் பக்கம், நடுவில் மறைப்பு, தரை டிக்கெட். மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்தோம். தில்லானா மோகனாம்பாள் வெளிவந்தது 1968இல். நம் ஊர்க் கொட்டகைக்கு அது எத்தனையாவது சுற்றில் வந்து சேர்ந்ததோ, ஃபிலிம் முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணி, நாதஸ்வர வித்வானாக வரும் சிவாஜியிடம் கேட்பாளே, உங்க நாயனத்துல மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, இல்ல எல்லா நாயனத்துலயும் வருமா என்று. நீ சிரித்த சிரிப்பில் உன் வாயிலிருந்த பொரிகடலை முன்னால் இருந்தவள் கொண்டையில் போய் விழுந்தது. உங்கள் அப்பத்தா உன் தொடையில் ஒரு கிள்ளு, கூடவே என் தொடையிலும் ஒன்று. "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு"ன்னு முணுமுணுத்தார்கள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர்களே குலுங்கியதை நான் பார்த்தேன். இத்தனை வருஷமாக உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

இந்தத் தடவை டிவியில் அதே காட்சியைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. அவள் ஜோக்கே அடிக்கவில்லை, வள்ளி. சந்தேகத்தைச் சந்தேகமாகவே கேட்கிறாள். பெரிய வித்வான் முன்னால் நாமும் கலைக்காரிதானே என்ற உரிமை, கூடவே நமக்கு என்ன தெரியும் என்ற கூச்சம், இரண்டும் அந்த ராகம் போட்டு இழுக்கிற குரலில் இருக்கின்றன. தன்னைப் பார்த்து ஒருவன் சிரிக்கிறான் என்பது அந்த ரமாமணிக்குக் கடைசிவரை தெரியாது. அதனால்தான் நமக்கு அவள்மேல் ஏளனம் வரவில்லை. சிவாஜி, பத்மினி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, படம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் வாயில் தன் பேச்சை ஏற்றி அனுப்புவது சாமானியமா?

நாடகக்காரி வேஷம் மனோரமாவுக்குப் புதிதில்லை. 1937 மே 26, மன்னார்குடியில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா இன்னொருத்தியோடு போய்விட, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா பிழைக்க வந்த ஊர் பள்ளத்தூர். வீட்டுவேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் மேடை. ஊருக்கு வந்த 'அந்தமான் காதலி' என்ற நாடகத்தில்தான் வாய்ப்பு கிடைத்தது. மனோரமா என்று பெயர் வைத்தவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். பிறகு நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழு, கலைஞர் எழுதிய மணிமகுடம், அதில் கதாநாயகி. ஞாபகம் வைத்துக்கொள், மேடையில் அவர் கதாநாயகி.

பள்ளத்தூர்க் கல்யாண வீடு உங்கள் வீடு மாதிரிதான். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். பாத்திரம் தேய்க்கிற பெண்கள் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒருத்தியின் சின்னப் பெண், ஏழெட்டு வயதிருக்கும், அடுக்கி வைத்த எவர்சில்வர் குவளைகளைக் கரண்டியால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதட்டினால் நிறுத்தும், அவள் திரும்பியதும் மறுபடி தட்டும். கோபிசாந்தாவின் அம்மாவும் இப்படியொரு பின்வாசலில்தான் நுழைந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வளவில் இருக்கிறவர்கள் ஆச்சி. உங்கள் நகரத்தார் வீடுகளில் அக்காவையும் ஆச்சி என்பீர்கள், மரியாதைக்குரிய அம்மாக்களையும் ஆச்சி என்பீர்கள். எங்களைப் போல வெளியாட்கள் உங்களை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவோம். அந்தப் பேச்சை அப்படியே நாக்கில் ஏந்திக்கொண்டு பட்டணம் போன வேலைக்காரி மகளைத் தமிழ்நாடு முழுக்க ஆச்சி என்று கூப்பிட்டது. நீ இதைப் படித்து என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. எனக்குக் கை கழுவிய குழாயை மூடவே மறந்துபோனது.

சினிமாவுக்கு அழைத்து வந்தவர் கண்ணதாசன். 1958இல் மாலையிட்ட மங்கை. மேடையில் நாயகியாக நின்ற பெண்ணுக்கு நகைச்சுவை வேஷம். கதாநாயகி என்றால் மூன்று நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இதில் நின்றால் நிலைத்து நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக ஆச்சியே சொல்லியிருக்கிறார். 1963இல் கொஞ்சும் குமரியில் நாயகியாகவும் பார்த்தாகிவிட்டது. ஓடியது கவிஞர் சொன்ன வழிதான்.

அவருக்கு முன்னால் இருந்தவர்களை எண்ணிப் பார். கலைவாணரோடு மதுரம். காளி என். ரத்தினத்தோடு ராஜகாந்தம். தங்கவேலுவோடு சரோஜா. எல்லாரும் கெட்டிக்காரிகள், எல்லாரும் ஜோடி, சிலர் வீட்டிலும் ஜோடி. சிரிக்க வைக்கிற பெண்ணுக்கு ஒரு ஆண் துணை கூடவே நின்றது. இவருக்கு அப்படி யாருமில்லை. நாகேஷோடு ஒரு படம், சோவோடு ஒரு படம், தேங்காய் சீனிவாசனோடு ஒன்று, சுருளிராஜனோடு ஒன்று. எதிரில் யார் நின்றாலும் அந்தத் தாளத்துக்கு இறங்கிக் கொடுத்து, அவர்கள் அசந்த நேரத்தில் காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டிலும் துணை நிலைக்கவில்லை. 1964இல் நாடகத்தில் இருந்த ராமநாதனோடு கல்யாணம், ஒரே மகன், 1966இல் பிரிவு. "உள்ளே அழுகை வெளியே சிரிப்பு" என்று பத்திரிகைகள் தேய்த்த தேய்ப்பை நானும் தேய்க்கப் போவதில்லை. என் கண்ணுக்குப் பட்டது வேறு. கையில் குழந்தை, வீட்டில் அம்மா, சம்பாதிக்கிறவர் இவர் ஒருத்தர். அந்த நிலையில் யார் வந்து கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்வாரா? அந்த 1966இல்தான் அன்பே வா. அடுத்த வருஷம் அனுபவி ராஜா அனுபவி, அதற்கடுத்தது ஜில் ஜில். அந்தக் காலத்தில் காமெடி தனி டிராக், கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். நாலைந்து நாள் கால்ஷீட் கொடுத்தால் அவர் பகுதி முடிந்துவிடும், அடுத்த செட்டுக்கு ஓடலாம். 1985இல் ஆயிரம் படம் என்று கின்னஸில் பதிந்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் ஆயிரம் என்றால் மாதத்துக்கு மூன்று படம் வருகிறது, நான் வகுத்துப் பார்த்தேன். வாத்தியாரம்மா புத்தி போகுமா? சாதனை என்று கைதட்டுகிறார்கள். எனக்கு அது பால்காரன் கணக்கு மாதிரி தெரிந்தது, ஒரு நாள் விடாமல் கோடு போட்ட சுவர்.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பதையும் எங்கே பார்த்தாலும் போடுகிறார்கள். அண்ணா, கலைஞர் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். திரையில். வினாடிவினாவுக்கு ஆகும்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நாக்கு. பொம்மலாட்டம் படத்தில் 'வா வாத்தியாரே வூட்டாண்ட' பாடியது அவரே. செட்டிநாட்டில் வளர்ந்த பெண், மெட்ராஸ் பாஷையை ரிக்‌ஷாக்காரர்கள் ஒப்புக்கொள்கிற மாதிரி பேசினார். அனுபவி ராஜாவில் தூத்துக்குடிப் பெண். ஜில் ஜில்லுக்கு நாடகக் கொட்டகை இழுவை. சின்னக்கவுண்டருக்குக் கொங்கு. நாம் பக்கத்து மாவட்டத்துக்குக் கல்யாணமாகிப் போனாலே பேச்சு திரிந்து இரண்டுமில்லாமல் போகிறதே, நீ பட்டணம் போய் "வந்துட்டிருக்கேன், போயிட்டிருக்கேன்" என்று பேசுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா!

சம்சாரம் அது மின்சாரத்துக்கு வருகிறேன், உன் பேத்திக்காக. 1986. வேலைக்காரி கண்ணம்மா. சம்பந்தியாக வரும் நடிகர் கிஷ்மு வீட்டில் நடுக்கூடத்தில் நின்று சத்தம் போட்டு, போட வேண்டியதெல்லாம் போட்டுவிட்டு, "கண்ணம்மா கம்முனு கெட" என்று தன் வாயைத் தானே அடக்குவாள். அடக்கி ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பம். போனில் வருகிற துண்டில் அந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் அவள் விடுகிற மூச்சு இல்லை. உன் பேத்தியை முழுக் காட்சியையும் பார்க்கச் சொல். வேலைக்காரிகள் ஊமைக் கோபத்தில் பாத்திரத்தை ஓசையோடு வைப்பார்களே, அந்த ஓசை அவர் பேச்சில் கேட்கும். வேலைக்காரி அம்மாவின் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியபின், 1988இல்தான் படத்தின் பெயரே அவருக்காக வைத்த படம் வந்தது, பாட்டி சொல்லைத் தட்டாதே. தேசிய விருது 1989 புதிய பாதைக்கு. முதல் படம் வந்து முப்பத்தோரு வருஷம் கழித்து! 2002இல் பத்மஸ்ரீ.

உன் குற்றச்சாட்டுக்கு இப்போது வருகிறேன். தொண்ணூறுகளில் அழ வைத்தார்கள், உண்மைதான். சின்னத்தம்பியில் ஊர் முன்னால் அந்த விதவை அம்மாவை அவமானப்படுத்துகிற இடத்தில் நானும் அழுதேன். அது வெற்றி பெற்றதும் யாருக்கு அம்மா வேண்டுமானாலும் ஆச்சி, அழ வேண்டுமானாலும் ஆச்சி. தப்பு அவர்மேல் இல்லை. இரண்டு கையிலும் வித்தை வைத்திருப்பவரை ஒரு கையைக் கட்டிவைத்து வேலை வாங்கினார்கள். அந்தத் தொண்ணூறுகளிலேயே நடிகன் படத்தில் சத்யராஜின் கிழவேஷத்தை நம்பிக் காதலில் விழுகிற அம்மாளாக வந்து வெட்கப்படுவதைப் பார். இந்தியனில் செத்துப்போன கணவனுக்கான நஷ்டஈட்டுப் பணத்துக்காக ஒவ்வொரு மேஜையாக அலைவதையும் பார். அதில் அழுகையும் எரிச்சலும் நக்கலும் கலந்துதான் வருகின்றன. நான் என் பென்ஷன் காகிதத்துக்கு ஓர் ஆபீஸில் ஏழு மாதம் அலைந்தபோது, எதிரில் இருந்தவர் ஒவ்வொரு தடவையும் "இன்னொரு நகல்" என்று கேட்டபோது, எனக்கு வாயில் வந்தது அழுகை இல்லை, ஆச்சியின் முணுமுணுப்புதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் பக்கம் நிற்கவில்லை. 1996 தேர்தலில் ரஜினியை மேடையில் கண்டபடி பேசினார். அதற்குப் பிறகு வாய்ப்புகள் வறண்டன. ஆயிரம் படம் நடித்தவரைக் கூப்பிட ஆளில்லை. கடைசியில் ரஜினியே அருணாசலத்தில் இடம் கொடுத்தார். மனுஷன் பெருந்தன்மையைச் சொல்வதா, அத்தனை பெரிய நடிகைக்கும் சோறு இன்னொருவர் தலையசைப்பில் இருந்ததைச் சொல்வதா!

2015 அக்டோபர் 10ஆம் தேதி ராத்திரி போய்ச் சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. அடுத்த நாள் காலை நீ எனக்கு போன் செய்து ஒன்றுமே பேசாமல் "நாயனம்..." என்று மட்டும் சொன்னாய். நானும் சிரித்துவிட்டேன். அதை நீ மறந்துவிட்டு இப்போது ஒப்பாரி என்று எழுதுகிறாய்.

தை மாதம் கோயில் காரியத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறாய் அல்லவா? பேத்தியையும் கூட்டி வா. ஹோட்டலில் தங்காதே, என் வீட்டில் மேல்தளம் சும்மாதான் கிடக்கிறது. மூன்று பேருமாக உட்கார்ந்து தில்லானாவை முதலிலிருந்து பார்ப்போம். பொரிகடலை நான் வாங்கி வைக்கிறேன். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சிரி, கிள்ளுவதற்கு உங்கள் அப்பத்தா இல்லை.

அன்புடன்,
சாரதா

பி.கு.: போன தடவை சீப்புச்சீடை அனுப்பிய டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடி மட்டும் காணோம். தேடிக்கொண்டிருக்கிறேன், உன் மருமகளிடம் சொல்லாதே.