ஷிராகவாகோ போய் வந்தது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று அப்பா அன்றைக்கே மெசேஜ் போட்டார், நீ ஒரு கட்டைவிரல் போட்டாய், அதற்கப்புறம் ஒன்றும் காணோம். வேலை இருக்கும், தெரியும். போனில் பேசினால் "நீ சாப்பிட்டியாம்மா, கால் வலி எப்படி இருக்கு" என்று என்னையே கேட்டு நேரத்தை முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா ஜப்பானில் நாம் போன அந்த ஷிராகவாகோ மலைக்கிராமப் படங்களைத்தான் காட்டுகிறார். கோட்டை, கோயில், புல்லட் ரயில் எதுவும் அவர் கணக்கில் இல்லை. தனி வண்டி, தனி வழிகாட்டி என்று நீ ஏற்பாடு செய்தபோது எனக்குக் கோபம்தான், நகோயாவிலிருந்து பேருந்தே போகிறதாம், எதற்கு இந்தச் செலவு என்று. ஆனால் அப்பாவுக்கு இருக்கிற சர்க்கரைக்குப் பேருந்து சரிவராது. அந்த வழிகாட்டிப் பெண் முகம் சுளிக்காமல் கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினாள். அப்பா ஏறுவதற்கு முன்பே நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டார். பச்சை நிறம், முறையாக உரிமம் வாங்கிய வாடகை வண்டி என்று அவருக்கு நிம்மதி. எங்கே போனாலும் ஆர்டிஓ ஆபீஸ் புத்தி.

அந்த ஹிதா சுரங்கத்தை மறக்கவே முடியாது. பத்து கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. 2008 இல் இது திறக்கும்வரை மலைப்பாதையைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று அவள் சொன்னாள். வெளியே வந்ததும் பளிச்சென்று மலை, ஆறு, தொங்குபாலம், அந்தப் பக்கம் ஷிராகவாகோவின் பெரிய கிராமமான ஒகிமாச்சி. இரண்டு கையைக் கூப்பி வைத்தது போல அந்தக் கூரைகள். அவ்வளவு சரிவாக இருந்தால்தான் பனி தங்காமல் விழுமாம். மேல்தளத்தில் மரச்சட்டங்களை ஆணி இல்லாமல் கயிறாலும் இளங்கிளையாலும் கட்டியிருந்ததை அப்பா கையால் தடவித் தடவிப் பார்த்தார். அங்கேதான் பட்டுப்புழு வளர்த்தார்களாம். கீழே அடுப்பிலிருந்து எழும் புகை கூரைவரை ஏறிப் பூச்சி வராமல் காக்கும். எனக்கு மூச்சு முட்டியது, நீ தண்ணீர் எடுத்துக் கொடுத்தாய்.

கோகயாமா பக்கத்துச் சின்னக் கிராமம் சுகனுமாதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டமே இல்லை, கூரை வீடு ஒன்பதுதான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்கு அடியில் மண்ணையும் பட்டுப்புழுக் கழிவையும் தழையையும் போட்டு வருஷக்கணக்கில் ஊறவைத்து வெடியுப்பு எடுப்பார்கள், காகா நாட்டுப் பிரபுவுக்கு வெடிமருந்து செய்ய அதுதான் போகும் என்றாள். சோறு தின்கிற இடத்துக்கு அடியிலேயா என்று கேட்டேன், நீகூட சிரித்தாய். அந்தப் பயணத்தில் நீ சிரித்தது அப்போதுதான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவள் கடைக்குப் போன் பண்ணி, குழம்பில் மீன் சாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டாளே, அந்தப் பொறுப்பு எல்லோருக்கும் வராது. கோகயாமா டோஃபுவைக் கயிற்றில் கட்டித் தூக்கலாமாம், அவ்வளவு கெட்டி. என் எலுமிச்சைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் அந்தப் பெரியவரோடு நீ ஜப்பானிய மொழியில் பேசியதைக் கேட்டு அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் சொல்லமாட்டார். என் பெண் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஏன் ஒருத்தியே சமாளிக்க வேண்டும்?

திரும்பி வரும்போது வழிகாட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். காலையிலிருந்து அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொன்ன நீ, அதற்கு மட்டும் "பழைய கல்யாண வழக்கம்மா, ஒன்றுமில்லை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ராத்திரி அப்பாதான் சொன்னார். தெற்கே மிபொரோ பக்கத்துக் கிராமங்களில் நிலம் கொஞ்சம், குடும்பத்தைப் பிரிக்க வழியில்லை, ஒரே வீட்டில் முப்பது நாற்பது பேர். மூத்தவன் மட்டும் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருவான், மற்ற பையன்களுக்கு மனைவி அவள் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், இவன் இரவில் போய் வருவான். மெய்ஜி காலம்வரை, அதாவது சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால்வரை அப்படி நடந்ததாம். ஊரில் யாரும் அதைக் குறையாகப் பேசவில்லை, அவர்களுக்கு அது சாதாரணம். நான் இதைக் கேட்டு அதிர்ச்சியாவேன் என்று நினைத்துவிட்டாயோ என்னவோ. நான் அதிர்ச்சியாகவில்லை.

மாப்பிள்ளைக்கென்று தனியாகக் கட்டி வைத்த பருப்புப்பொடி மேல் அலமாரியில் இருக்கிறது. ஒசாகா வேலை முடிந்து வரட்டும், வராவிட்டால் கெட்டுப்போவதற்குள் நீ சாப்பிட்டுவிடு. வாசலில் செருப்பு அலமாரி பாதி காலியாக இருந்ததால் அப்பாவின் ஷூவை வைக்க வசதியாக இருந்தது. அதைப் பற்றி அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம், ஜனவரியில் பனியில் விளக்குப் போடுவதைப் பார்க்க நீயே வண்டி ஓட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாயே, வேண்டாம். முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். பனிக்கான டயர் வேண்டும், அந்தச் சாலை பழகியிருக்க வேண்டும். போகத்தான் வேண்டுமென்றால் அவளையே கூப்பிடு, காசு போனால் போகட்டும். தனியாகப் போகாதே. ஆபீசில் ஒரு தோழியையாவது கூட்டிக்கொள். தனியாகப் போகாதே கண்ணு.

ஒகிமாச்சி ஊர்க்காரர்கள் 1971 இல் உட்கார்ந்து பேசி, விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம் என்று முடிவெடுத்தார்களாம். அதனால்தான் 1995 இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர முடிந்தது என்று அப்பா எதிர்வீட்டில் பிரசங்கம் செய்கிறார். கூரை மாற்ற ஒரு வீட்டுக்கு ஊரே வருமாம், நூறு பேருக்கு மேல். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. யார் வீட்டுக் கூரை போயிற்று என்று முதலில் யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. அப்பா எட்டு மணிக்கே மாத்திரை போட்டுத் தூங்கிவிடுகிறார். உனக்குப் பன்னிரண்டு என்றால் எனக்கு எட்டரைதான். அந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் போனை நான் மட்டும்தான் எடுப்பேன்.

அம்மா