நடை சாத்தின நேரத்துக்கு ஒரு பட்டறையா?

கும்பகோணத்தைச் சுற்றி சுற்றுலா வேன் நடத்துகிறவர்களுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம். அரசலாற்றங்கரையில் தாத்தா கட்டிய வீட்டை நான்கு அறை விடுதியாக்கி நடத்திக்கொண்டிருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் காலை 6 மணிக்கு வாசலில் ஹாரன் அடிப்பவரிடம் என்ன பேச முடியும்? அந்த ஹாரனுக்குப் பயந்து பாதி இட்லியை இலையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறார்கள் விருந்தினர்கள். எங்கள் சமையல்கார அம்மாவுக்கு உங்கள்மேல் இருக்கும் கோபம் தனிக்கதை.

உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். திங்களூர் இருப்பது திருவையாற்றுப் பக்கம், கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம், திருநள்ளாறோ காரைக்காலில். நடுவில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் திரும்பத் திறக்க 4 மணி ஆகிவிடும். அதுவரை வேனில் இருப்பவர்களை என்ன செய்வது? சிலை வார்க்கும் சுவாமிமலைக்கோ குத்துவிளக்கு வார்க்கும் நாச்சியார்கோயிலுக்கோ, இப்போது புதிதாக நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கோ கூட்டிப்போகிறீர்கள். நோட்டீசில் இதற்குக் 'கலைச் சுற்றுலா' என்று பெயர் போட்டிருக்கிறது. சாமி கண் விழிக்கும்வரை ஒதுங்க ஒரு நிழல், அவ்வளவுதானே?

மதியம் ஒன்றரை மணிக்குப் பட்டறையில் எந்தக் கலையும் நடக்காது. காலையிலிருந்து குனிந்தே வேலை பார்த்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். போன சித்திரையில் அப்படி ஒரு நேரத்தில் நானும் சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் இருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவர், "உருக்கி ஊத்துறதைக் காட்டுங்க, வீடியோ எடுக்கணும்" என்றார். வார்ப்பு நாளை மறுநாள்தான் என்றார் ஸ்தபதி, அரைத் தூக்கத்தில். "அப்ப இங்க பார்க்க ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள்.

அவர் பக்கத்தில் மண் பூசிய அச்சு ஒன்று நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, நகக்கண் வரைக்கும் மெழுகிலேயே செய்து, அதன்மேல் காவிரி வண்டலை நைசாகக் குழைத்துப் பூசுகிறார்கள். அந்த முதல் பூச்சுதான் ஒவ்வொரு கோட்டையும் வாங்கிக்கொள்கிறது. அது காய வேண்டும். அப்புறம் அடுத்த பூச்சு, கம்பிக் கட்டு, வறட்டிச் சூடு. மெழுகு உருகி வெளியே வந்த இடத்தில்தான் உலோகம் போகும். மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் ஊற்றும்போது வெடித்துவிடும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் அதே அச்சில் இன்னொரு தடவை ஊற்றவும் முடியாது. வேன் வந்திருக்கிறது என்று எதைச் சீக்கிரப்படுத்துவது? 2023இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்தினார்களே, 27 அடி உயர, 18 டன் எடை நடராஜர், அவரும் சுவாமிமலையில் இதே மெழுகு முறையில் பிறந்தவர்தான்.

அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எங்களிடம் தங்கியிருந்தார். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். அன்று வார்ப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓலை மடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்தார். தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு வைத்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பேர். மத்தியானம் எங்கள் கொல்லையில் ஒரு கீற்றைக் கிழித்து, முகம் ஒரு பங்கு, உடம்பு ஒன்பது பங்கு என்று சொல்லிச் சமையல்கார அம்மாவையே அளந்தார். எட்டரைதான் வந்தது. "நான் என்ன அம்மன் சிலையா?" என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நான் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. விடுதி தொடங்கிய வருஷம் நானும் ஒரே நாளில் மூன்று ஊர் காட்டினேன். ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்து பேசும்போது, குத்துவிளக்கு வார்த்தது எந்த ஊர் என்று யாருக்கும் நினைவில்லை. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்தின் குழலான உலவைக் கடைகிறவர், அடுத்த வேன் ஹாரனை நிறுத்துமா என்று காத்திருந்துவிட்டு, ஊதிப் பார்க்காமலே வைத்துவிட்டார். நாதஸ்வரத்துக்கு அவர்கள் தேடுவது நாள்பட்ட ஆச்சா மரம், பழைய வீட்டு உத்தரம், தூண். எங்கள் இரண்டாம் கட்டைப் பிரித்தபோது ஒரு உத்தரத்தைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அது எந்தக் கோயிலில் கல்யாணி வாசிக்கிறதோ தெரியாது!

கமிஷன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷோரூம் வைத்திருப்பவர் ஓட்டுநருக்கு ஏதோ தருகிறார். வெறும் பட்டறைக்காரரால் தர முடியாது, அதனால் வண்டி அங்கே நிற்பதில்லை. ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கிடைக்கும் படி அப்படி. முதலாளிமார்கள் அதைக் கட்டணத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பட்டறைக்கும் தலைக்கு இவ்வளவு என்று வையுங்கள். சிலை வாங்காமல் பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்களாலும் அவர்கள் வேலை நிற்கிறது.

சரி, கேட்பது இதுதான். ஒன்பது கோயிலை இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஒரு காலைப் பொழுதை, 8 மணியிலிருந்து 12 வரை, ஒரே ஒரு பட்டறைக்குக் கொடுங்கள். மதியம் எல்லோரையும் தூங்கவிடுங்கள். டெல்டா வெயிலில் அந்த நேரம் அதற்குத்தான். கரண்ட் போனாலும் எங்கள் திண்ணையில் ஆற்றுக் காற்று வரும். ஓட்டுநர்களுக்கும் பாய் போட்டுவைக்கிறேன், மோர் இருக்கும்.

வார்ப்பு என்றைக்கு என்று எனக்கு முந்தின நாள் சாயங்காலம் தெரிந்துவிடும். கேட்டால் சொல்கிறேன். 6 மணிக்கு மட்டும் ஹாரன் வேண்டாம்.

இப்படிக்கு,
அரசலாற்றங்கரை விடுதிக்காரர்