நாய் தங்கிய அறை எது என்று சொல்லுங்கள்: சிங்கப்பூர் ஹோட்டல் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹோட்டல் நிர்வாகிகளுக்கும் சிங்கப்பூர் ஹோட்டல் சங்கத்தாருக்கும்,

வணக்கம். நான் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் ஒரு தாய். மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான், மகள் பாலர் பள்ளிக்குப் போகிறாள். இருவருக்கும் நாய் ஒவ்வாமை உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தாலும் அது இருவரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. மகளுக்குக் கண் சிவந்து வீங்கும், கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பும். மருந்து கொடுத்தால் அடங்கிவிடும். மகனுக்கு ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கிறது. நாய் புழங்கிய அறையில் சில மணி நேரம் இருந்தாலே அவனுக்கு இழுப்பு வந்துவிடும்.

நாய்களை ஹோட்டலில் சேர்க்காதீர்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே எதிரில் இருப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு நாய் என்றால் உயிர். தொட முடியாததால் தூரத்தில் நின்று கையசைப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். எந்த அறையில் நாய் தங்கியது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள்.

இதை எழுத வைத்தது ஜூன் விடுமுறையில் நடந்த ஒரு சம்பவம். ஹோட்டலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே யாரும் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள்.

அது செல்லப்பிராணிகளை அனுமதிக்கும் ஹோட்டல். தெரிந்தேதான் முன்பதிவு செய்தேன். நாய்களோடு வருபவர்களுக்குத் தரைத்தளத்தில் மட்டும்தான் அறை என்று அவர்கள் இணையப்பக்கத்தில் இருந்தது. நாங்கள் ஐந்தாவது மாடியில் எடுத்தோம். முன்பதிவுப் படிவத்தில் சிறப்பு வேண்டுகோளுக்கென்று ஒரு பெட்டி இருக்குமே, அதில் பிள்ளைகள் இருவருக்கும் நாய் ஒவ்வாமை, ஒருவனுக்கு ஆஸ்துமா, நாய் தங்காத அறை வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். உறுதிப்படுத்தி மின்னஞ்சலும் வந்தது. என் மனம் நிம்மதியானது.

போன அன்று, வரவேற்பு மேசையில் இருந்த தம்பி பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். விடுமுறை நாள், குடும்பமாக வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு இன்னும் நல்ல அறையாக மாற்றித் தருகிறேன், கூடுதல் கட்டணம் வேண்டாம் என்றார். கதவைத் திறந்தால் புல்வெளி, அங்கிருந்து நான்கு எட்டில் நீச்சல் குளம். பிள்ளைகள் குதித்தார்கள். நானும் நன்றி சொன்னேன். தரைத்தளம் என்ற சொல் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. பல நாள் ஆசை நிறைவேறிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு நீச்சல் உடைகளை மாட்ட அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள், பக்கத்தில் மடித்து வைத்த ஒரு சின்ன மெத்தை.

கணவர் உடனே போன் செய்தார். கடைசியாக ஒரு நாய் தங்கி இரண்டு நாள் ஆகிவிட்டது, அறை முழுக்கக் கிருமிநாசினி போட்டுத் துடைத்திருக்கிறோம் என்றார்கள். மாற்று அறை இல்லை, விடுமுறைக் கூட்டம், எல்லாம் நிரம்பிவிட்டது. ஐந்தாம் மாடியில் எங்களுக்கென்று இருந்த அறையை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அப்போது நன்றாகத்தான் இருந்தார்கள். இரவு கழியட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அந்த முடிவை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு மகன் இருமத் தொடங்கினான். நீல நிற இன்ஹேலரை ஸ்பேசர் குழாயில் பொருத்தி ஒவ்வொரு பஃபாகக் கொடுத்தோம். கொஞ்சம் அடங்கியது, மறுபடி ஏறியது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுப்பதைப் பார்த்ததும் நான் செருப்புகூடப் போடவில்லை, அவனைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறினேன். விடியும்வரை குழந்தைகள் அவசரப் பிரிவில், மருந்தைப் புகைபோல் மூச்சில் ஏற்றும் நெபுலைசரோடு இருந்தோம். "அம்மா, அந்த ரூம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்டான்.

ஹோட்டல்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால், சிறப்பு வேண்டுகோள் என்பது வசதி இருந்தால் மட்டுமே நிறைவேற்றப்படும் என்று அவர்கள் எழுதிய ஒரு வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. உயர்மாடி, இரட்டைக் கட்டில், பிறந்தநாள் கேக் ஆகியவற்றோடு என் மகனின் மூச்சும் அதே பெட்டியில் கிடந்திருக்கிறது.

துடைத்த அறையில் எப்படி இது நடந்தது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். ஹோட்டல் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நாய் ஒவ்வாமைக்குக் காரணம் முடி என்று நினைக்கிறோம். உண்மையில் நாயின் எச்சிலிலும், உதிரும் தோல் செதில்களிலும், சிறுநீரிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். அவற்றில் முக்கியமானதை மருத்துவர்கள் கேன் எஃப் 1 என்கிறார்கள். எல்லா நாய்க்கும் அது உண்டு, பூடில் உட்பட. முடி உதிராத சின்ன வகை நாய்களை மட்டும்தான் அனுமதிக்கிறோம் என்று சில ஹோட்டல்கள் எங்களுக்குச் சமாதானம் சொல்வது இதனால்தான் பலிப்பதில்லை. ஒவ்வாமையே தராத நாய் வகை என்று ஒன்று கிடையாது.

இந்தச் செதில்கள் மிக நுண்ணியவை. காற்றில் நெடுநேரம் மிதக்கும், துணியில் பட்டால் பற்றிக்கொள்ளும். தரைவிரிப்பு, சோபா, திரைச்சீலை, மெத்தை வைத்துத் தைத்த கட்டில் தலைப்பலகை என்று ஹோட்டல் அறையில் அழகுக்காக இருப்பதெல்லாம் அவற்றுக்கு வசதியான இருப்பிடம். நாய் போன பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட அங்கேயே இருக்கும். நம் ஊர் ஹோட்டல்களில் பல அறைகளின் ஜன்னல்களைத் திறக்கவே முடியாது. குளிர்சாதனம் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றி விடுகிறது. கிருமிநாசினி கிருமியைக் கொல்லும், புரதத்தை அள்ளிக்கொண்டு போகாது. வாசனைத் தெளிப்பானோ ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு இன்னொரு தொல்லை. அன்று அந்த அறையில் எலுமிச்சைப்புல் வாசனை கமகமவென்று இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வாமை எப்போதும் உடனே காட்டிக்கொடுக்காது. சிலருக்குச் சில நிமிடங்களில் தும்மலும் அரிப்பும் வரும். சிலருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து மூச்சுக்குழாய் இறுகும். மாலையில் சிரித்துக்கொண்டு அறைக்குள் போன பிள்ளைக்கு நள்ளிரவில் இழுப்பு வருவது இப்படித்தான்.

அப்படியென்றால் செல்லப்பிராணி ஹோட்டலுக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஊரில் ஓரிரு இரவு தங்க வேறு வழி அதிகம் இல்லை. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, வீவக வீடென்றால் ஆறு மாதம். வெளிநாட்டில் உறவுக்காரர்கள் செய்வதுபோல இரண்டு நாளைக்கு ஒரு வீட்டை எடுத்து, நாமே கூட்டித் துடைத்துத் தங்கிவிட்டு வருவதற்கு இங்கே சட்டம் இடம் தராது. ஆகவே ஹோட்டல்தான். நாய்களை வரவேற்கும் ஹோட்டல்கள் பெருகிக்கொண்டும் இருக்கின்றன. வீவக வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாம், 2024 செப்டம்பர் முதல் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். செல்லப்பிராணிகளை வீட்டு ஆளாகவே நினைக்கும் குடும்பங்கள் கூடி வரும்போது, அவர்களுக்கும் விடுமுறை வேண்டும் அல்லவா? அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

டுரியானைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அநேகமாக உங்கள் எல்லா ஹோட்டல்களிலும் அறைக்குள் டுரியான் கொண்டுவரக்கூடாது. அந்த வாசனை துணியில் ஏறிவிடும், அடுத்து வருபவருக்குத் தொந்தரவாகும் என்பதால்தானே? ஒரு விருந்தினர் விட்டுப்போவது அடுத்தவரைப் பாதிக்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நாய் விட்டுப்போவதற்கு வாசனை இல்லை. ஆனால் அதனால் ஒரு பிள்ளை மருத்துவமனைக்குப் போக நேர்கிறது.

உணவையும் பாருங்கள். அதே ஹோட்டலில் நீச்சல் குளத்துப் பக்கம் மாலையில் தோசை கேட்டபோது, பரிமாறிய அக்கா சட்னியில் நிலக்கடலை இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார். பலகாரங்களுக்கு முன்னால் முட்டை, பால், இறால் என்று சின்னச் சின்ன அட்டைகள் இருந்தன. அரை மணி நேரம் சாப்பிடும் தட்டுக்கு இவ்வளவு கவனம் இருக்கும்போது, பத்து மணி நேரம் படுத்து மூச்சு விடும் அறைக்கு ஏன் இல்லை?

இனி, நீங்கள் செய்யக்கூடியது. நாய்களுக்கென்று ஒதுக்கிய அறைகளை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கூட்டம் அதிகமானாலும் இன்று இந்த அறை, நாளை அந்த அறை என்று மாற்றாதீர்கள். அவை ஒரே தளத்தில், ஒரே கோடியில் இருந்தால் நடைபாதை விரிப்பு வழியாகப் பரவுவதும் குறையும். அங்கே விரிப்பை எடுத்துவிட்டு ஓடோ மரத்தரையோ போட்டால் உங்கள் சுத்தம் செய்யும் ஊழியர்களுக்கும் வேலை எளிது. செல்லப்பிராணிக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்கள் அந்தப் பணத்தில் திரைச்சீலைகளைத் துவைக்கட்டும், ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்கூம் வாங்கட்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அந்த வடிகட்டி பிடித்துவிடும். சாதாரண வேக்கூம் நுண்ணிய தூசியை மறுபடி காற்றிலேயே ஊதிவிடுகிறது.

ஒவ்வாமையைச் சிறப்பு வேண்டுகோள் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். முன்பதிவில் அதற்கென்று ஒரு கேள்வி இருக்கட்டும். பதில் ஆம் என்றால், அறை மாற்றும் ஊழியரின் திரையில் அது சிவப்பாகத் தெரியட்டும். அந்தத் தம்பிக்கு அன்று அது தெரிந்திருந்தால் எங்களை அந்த அறைக்கு அனுப்பியிருக்கவே மாட்டார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவரைத் தண்டிக்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம்.

துளிகூட நாய்ப் புரதம் இல்லாத அறை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. நாய் வளர்ப்பவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு அது பேருந்துக்கும் வருகிறது, பள்ளிக்கும் வருகிறது. அந்த அளவை எங்கள் பிள்ளைகள் மருந்தோடு சமாளிக்கிறார்கள். அப்புறம், பார்வையற்றவர்களின் வழிகாட்டி நாய்க்கு எந்த அறையின் கதவும் மூடக்கூடாது. அப்படி ஒருவர் வந்தால் நாங்கள் வேறு தளத்துக்குப் போகிறோம். அவர் எங்கே தங்குகிறார் என்பதும் முன்பு எங்கே தங்கினார் என்பதும் உங்கள் பதிவில் இருந்தால் போதும்.

எங்கள் புளோக்கில் ஒரு சீன அங்கிள் பூடில் வளர்க்கிறார். நாங்கள் மின்தூக்கிக்கு நிற்பதைப் பார்த்தால் நாயைத் தூக்கிக்கொண்டு, நீங்கள் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டுவார். என் மகன் அந்த நாய்க்கு டாட்டா சொல்வான். அவருக்கு எங்கள் பிள்ளைகளைத் தெரியும், எங்களுக்கு அவர் நாயைத் தெரியும். அதனால் ஒரே மாடியில் இரண்டு குடும்பமும் ஆறு வருடமாக ஒரு சண்டையும் இல்லாமல் வாழ்கிறோம்.

டிசம்பர் விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளோடு இரண்டு நாள் கடலோரத்தில் தங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இந்த மாதக் கடைசியில் உங்களில் சிலருக்கு நான் போன் செய்வேன். எங்களுக்குத் தரும் அறையில் கடந்த ஆறு மாதத்தில் நாய் தங்கியதா என்று கேட்பேன். தங்கியது என்றால் சொல்லுங்கள், வேறு அறை கேட்கிறேன். பதிவு இல்லை, தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள், வேறு ஹோட்டலைத் தேடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
செங்காங், சிங்கப்பூர்