கட்டைவிரல் போதாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி அதே மாதிரிதான், எனக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் போனில் ஒரு கட்டைவிரல் படம் வரும். தீபாவளிக்குப் பிறகு இதுவரை பதினொரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறாய், எண்ணி வைத்திருக்கிறேன். சரி, அதை விடு, இந்தக் கடிதம் அதைப் பற்றி இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கினாயா இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால் ஜூன் வருகிறது, உனக்கு அங்கே டாஸ்மேனியாவில் குளிர்காலம், விறகு அடுப்பை ராத்திரி முழுக்க எரியவிடுவாய். நம் சிங்கப்பூரில் சன்னலை இறுக்கிச் சாத்துவதே புகைமூட்டம் வந்தால்தான், அதனால் இந்த ஆபத்து நமக்கு உறைக்காது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. தலை லேசாக வலிக்கும், சளி பிடிக்கப் போகிறது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாய். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஒட்டிக்கொள்ளும், எழுந்து கதவைத் திறக்கக்கூடக் காலில் தெம்பு இருக்காது. புகைக்கு வைக்கிற அலாரம் இதற்குக் கத்தாது, இது வேறு. கூட ஓர் ஆள் இருந்தால் உலுக்கி எழுப்பும். நீ தனியாக இருக்கிறாய்.

போன செப்டம்பரில் ஒரு போட்டோ அனுப்பினாயே, வீட்டுக்குள் நின்று சிரித்துக்கொண்டு. அம்மா உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து “இளைச்சுப் போயிட்டா” என்றாள். நான் உனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பெரிதாக்கினேன். பேட்டரி, இன்வெர்ட்டர், பஸ்பார், ஃபியூஸ் எல்லாம் ஒரு பலகையில். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக, வளைவெல்லாம் ஒரே அளவில், லக் ஒவ்வொன்றும் அழுத்தமாக கிரிம்ப் செய்து மேலே ஸ்லீவ் போட்டு. என்னிடம் வேலை பழகிய பையன்களில் இப்படிச் செய்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “வயரிங் பார்த்தேன்” என்று மட்டும் எழுதினேன், நீ அதற்கு என்ன நினைத்தாயோ.

ஒரு குறை இருக்கிறது. பேனலிலிருந்து இறங்கும் லைனில் நீ போட்டிருக்கும் பிரேக்கர், எழுத்து மங்கலாகத் தெரிகிறது, எனக்கென்னவோ அது ஏசி பிரேக்கர் போல இருக்கிறது. ஏசி என்றால் திசை மாறி மாறி ஓடும் கரண்ட், அது ஒரு வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும், அதனால் திறக்கும்போது வரும் பொறி தானாகச் செத்துவிடும். பேனல் கொடுக்கும் டிசி ஒரே திசையில் ஓடுவது, அதில் பூஜ்யமே வராது. பொறி நின்று எரியும், பெட்டியே உருகும். டிசிக்கென்றே செய்தது வேண்டும், எழுத்தைப் படித்துச் சொல். அப்புறம் பேட்டரி. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர், அதாவது 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். (நம் நாலறை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தும் ஒரு நாளைக்கு 10 யூனிட் போகிறது, நீ அதில் பாதியை வைத்துக்கொண்டு ஒரு குடித்தனமே நடத்துகிறாய்.) அந்த வகை லித்தியம் பேட்டரியில் உறைநிலைக்குக் கீழே கரண்ட் எடுக்கலாம், ஏற்றக்கூடாது, ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி வீணாகிவிடும். ராத்திரி உறைபனி விழுந்தால் காலையில் வெயிலைப் பார்த்தவுடன் சார்ஜ் ஏறவிடாதே. பேனல் வடக்கே பார்த்துத்தான் இருக்கிறது, சரி. ஆனால் 43 டிகிரி தெற்கில் ஜூன் மாத நடுப்பகல் சூரியன் இருபத்துச் சொச்சம் டிகிரி உயரத்துக்குத்தான் வரும், பகலே ஒன்பது மணி நேரம், அந்த வடக்குப் பக்கத்து யூகலிப்டஸின் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். கிளையைக் கழி. ஆள் வைத்துக் கழி, நீயே ஏறாதே.

வெயில் இல்லாத வாரத்தில் ஜெனரேட்டரை ஓட்டுவாய். அதை வீட்டை ஒட்டின ஷெட்டில் வைக்காதே, கதவைத் திறந்து வைத்திருக்கிறேனே என்று சொல்லாதே. அதுவும் அதே வாயுதான்.

1977இல் வேலையில் சேர்ந்தவன் நான். 1995இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திலிருந்து மின்சாரப் பிரிவைத் தனியாகப் பிரித்தபோதும் அதே ஷிஃப்ட்தான், 62 வயதில் வெளியே வந்தேன். 42 வருடம் ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பியவனின் மகள் எனக்குக் கம்பியே வேண்டாம் என்று போய்விட்டாளே என்று கோப்பிக் கடையில் கூட்டாளிகள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணுவார்கள் என்றால், தெரிந்திருந்தால் பண்ணுவார்கள். உன் கட்சிக்கும் ஒரு பாயிண்ட் கொடுக்கிறேன்: டாஸ்மேனியாவை விக்டோரியாவோடு இணைக்கும் கடலடிக் கேபிள் 2015 டிசம்பரில் பழுதாகி ஆறு மாதம் கிடந்தது. கம்பியில் தொங்குகிறவர்களுக்கும் நிம்மதி கிடையாதுதான்.

ஆனாலும் பாப்பா, இன்னும் மூன்று வருடத்தில் உனக்கு 35 ஆகிறது. தனியாளாகவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். “99 வருஷத்துக்கு வாடகைதானேப்பா” என்பாய். 99 வருடம் உனக்குப் போதாதா? என் அப்பா கம்பத்தில், அந்தக் காலத்துக் கிராமத்தில், அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே எங்கள் ஆறு பேரை வளர்த்தார், 1963இல் பத்து மாதம் தண்ணீர்க் கட்டுப்பாடு, ஆறு வயதில் நான் தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றவன், எங்களுக்கு அது வாழ்க்கை, நீ அதைத் தேடிப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாய். மழைத்தண்ணீர் தொட்டியில் முதல் மழையை வெளியே விட்டுவிடு, கூரையில் பறவை எச்சம் இருக்கும். நான் படித்ததில் பாதியை அம்மாவிடம் சொல்லவில்லை. அங்கே இருக்கும் மூன்று வகைப் பாம்பும் விஷம் என்பதும் 1967 பிப்ரவரியில் ஒரே நாள் காட்டுத் தீயில் 62 பேர் போனதும் அவளுக்குத் தெரியாது, நீயும் வாய் விடாதே.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன், இதுவும் அம்மாவுக்குத் தெரியாது. மருத்துவ அப்பாயிண்ட்மெண்ட் என்று சொல்லிவிட்டுப் புலாவ் உபின் போனேன். சாங்கியில் படகுக்கு 4 வெள்ளி, பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் எடுப்பான், ஓர் ஆளுக்காக இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தீவுக்கு இங்கிருந்து மின்கம்பி கிடையாது. படகுத்துறைப் பக்கம் மட்டும் 2013இலிருந்து ஒரு சின்ன மைக்ரோகிரிட், அதாவது அந்த இடத்துக்கு மட்டுமான மின்கட்டமைப்பு, மற்றபடி டீசல் ஜெனரேட்டர்தான். கிராமத்தைத் தாண்டி உள்ளே ஒரு கடை, இளநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன், பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று காதுக்குத் தெரிந்தது, கடைக்காரரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே போய் அதை நிறுத்திவிட்டார். பாப்பா, அந்த நிமிடம்! 42 வருடம் டர்பைன் பக்கத்தில் இருந்த காது, வீட்டில் படுத்தாலும் அந்த இரைச்சல் உள்ளே ஓடும், அது முதல் தடவையாக நின்ற மாதிரி இருந்தது. மேசைக்கு அடியில் ஒரு கோழி நகத்தால் கீறுகிற சத்தம் கேட்டது. உனக்கு அங்கே என்ன பிடித்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. கொசு கடித்தது, நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

திரும்பும் படகில் 2004 ஞாபகம் வந்தது. ஜூன் 29, ராத்திரி பத்து மணி வாக்கில் இந்தோனேசியாவிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டு ஊரில் பல பேட்டைகள் இருண்டன, நம் புளோக்கும்தான். நான் நைட் ஷிஃப்டில் இருந்தேன், அந்த ராத்திரி எப்படிப் போனது என்று எந்த வார்த்தையில் சொல்ல. காலையில் சட்டை எல்லாம் உப்புப் பூத்து வீட்டுக்கு வந்தால் நீ, தொடக்கநிலை ஐந்து, யூனிஃபார்மோடு ஓடி வந்து “அப்பா, நேத்து எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா, காரிடார்ல நின்னா நட்சத்திரம் தெரிஞ்சுச்சு” என்றாய். நான் பளாரென்று ஒன்று வைத்தேன். ஊரே தவித்தது உனக்கு அழகா என்று கேட்டேன். நீ அழவில்லை, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாய்.

தீபாவளி அன்றும் நீ அப்படித்தான் போனாய்.

இதற்குத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன் என்று உனக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். டவுனுக்கு வந்து, லைன் கிடைக்கிற இடம் பார்த்து, எல்லாரோடும் பேச ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருக்கிறாய். போன் கைமாறிக் கைமாறிக் கடைசியில் முறுக்குத் தட்டுப் பக்கத்தில் கிடந்தது. ஈசூன் அத்தையின் சம்பந்தி “பொண்ணு அங்கே என்ன பண்றா” என்று கேட்டார், நான் “ஹோபார்ட்ல ஒரு எனர்ஜி கம்பெனிங்க, பெரிய போஸ்ட்டு, குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க” என்றேன். திரும்பிப் பார்த்தால் திரையில் நீ. “சரிப்பா, வைக்கிறேன்” என்றாய். நான் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

வாய் தவறி வந்தது என்று நீ நினைத்திருந்தால் அதுகூட எனக்குச் சாதகம்தான். அது தவறி வந்ததில்லை. நீ போன நாளிலிருந்து இரண்டு வருடமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோப்பிக் கடையில், கோயிலில், லிஃப்டில். சம்பளம்கூடச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஆளுக்கு ஒரு கணக்கு. கேட்டவர்கள் யாரும் உன்னைக் குறைவாகப் பேசவில்லை, பேசிவிடுவார்களோ என்று நானே முந்திக்கொண்டேன்.

கம்பத்தில் எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். ராத்திரி அதன் பக்கத்தில் குனிந்து படித்தால் காலையில் மூக்குக்குள் கரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதை வைத்தே யார் வீட்டில் லைட் இல்லை என்று பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் துண்டு நுனியைத் தண்ணீரில் நனைத்து, முறுக்கி, மூக்குக்குள் விட்டுச் சுழற்றி எடுப்பேன், துணி வெள்ளையாக வருகிற வரைக்கும், ஒரு நாள் ரத்தமே வந்துவிட்டது. 60 வருடம் ஆகிவிட்டது. இப்போது உன்னை வைத்து அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன். உபினில் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

உட்லண்ட்ஸ் சித்தப்பா மகன் ஆகஸ்டில் மெல்பர்ன் வருகிறானாம், அக்காவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன், ஆபீஸ் அட்ரஸ் கொடுங்கள் பெரியப்பா என்று கேட்டான். நேற்று சித்தப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆபீஸ் கிடையாது, கம்பெனி கிடையாது, மலைமேல் நிலம், சோலார், மழைத்தண்ணீர், எல்லாம் அவளே போட்டது என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் “டாய்லெட் இருக்காண்ணே?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எப்படிப்பட்ட டாய்லெட் என்று சொல்லவில்லை, அதை நீயே சொல்லிக்கொள். வயரிங் போட்டோவை அவருக்கு அனுப்பினேன், உன் முகமும் தெரிகிற மாதிரி.

அம்மா சாம்பார்ப்பொடி திரித்து வைத்திருக்கிறாள். முருங்கை விதையும் வைக்கப் பார்த்தாள், அந்த ஊரில் விதையை விடமாட்டார்கள் என்று நான்தான் எடுத்தேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பார்சலில் பொடி என்று தெளிவாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அலாரம் இரண்டு வாங்கி அதற்குள் வைத்திருக்கிறேன், நீ வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, கூட இருக்கட்டும். ஒன்று படுக்கிற அறையில், ஒன்று அடுப்பு இருக்கிற இடத்தில், அடுப்புக்கு நேர் மேலே வைக்காதே. மாட்டிவிட்டு டெஸ்ட் பட்டனை அழுத்து, அது கத்துகிற சத்தத்தை டவுனுக்கு வரும்போது பதிவு செய்து அனுப்பு. கட்டைவிரல் போதாது.

அப்பா

பி.கு. அந்த பிரேக்கரையும் பார்.